எஸ்எஸ்டி சம்பாதித்த நற்பெயர்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து ஒரே அறிவுரை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள், லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள், புதுக் கணினி தயார். சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் இதைத்தான் சொல்கிறார். நான் லினக்ஸ் பக்கம் நிற்பவன். அந்தப் பக்கத்தில் நின்றே சொல்கிறேன்: இந்தப் பழக்கம் லினக்சுக்கு நல்லது செய்யவில்லை. நெடுநாளாக எனக்குள் இருந்த மறுப்பு இது. இப்போது அந்தப் பழக்கம் ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு லேப்டாப் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுகிறது. ஆகவே ஓடும் கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது நியாயம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸைவிட, அவை தொடர்ந்து வரும் லினக்ஸ் மேல். எழுதவும் கணக்குப் போடவும் நிரல் கற்கவும் பழைய கணினி தாராளமாகப் போதும். இவற்றில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை, பாராட்டு யாருக்குப் போகிறது என்பதில்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு நூற்றைம்பது தடவைதான் தேடி எடுக்கும். எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும். பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சரி, அதே எஸ்எஸ்டியை மாட்டி அதே விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவிப் பாருங்கள். அதுவும் துள்ளிக் குதித்து எழும். அந்த ஒப்பீட்டை யாரும் செய்து காட்டுவதில்லை. மூன்று மாற்றங்களை ஒரே நாளில் செய்துவிட்டு, மூன்றாவதாகச் செய்ததற்கு மாலை போடுகிறார்கள். அதற்குக் காட்டும் சான்று எப்போதுமே பூட் ஆகும் நேரம்தான். எஸ்எஸ்டி முழுமையாக வெல்லும் பந்தயம் அது. காலையில் ஒருமுறை பூட் செய்துவிட்டு நாள் முழுக்க நாம் உட்கார்ந்திருப்பது பிரவுசருக்கு முன்னால் அல்லவா?

அந்தப் பிரவுசரில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்டெல் கோர் 2 டுவோ பிராசசர் உள்ள பழைய லேப்டாப் ஒன்றில் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெர்மினலில், பிராசசரும் மெமரியும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் ஹெச்டாப் ஓடுகிறது, பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ். யூடியூபில் ஒரு பாடத்தை 1080பி-யில் ஓடவிடுங்கள். மெமரிக் கோடு பாதியைக்கூடத் தொடாது, காசு கொடுத்து வாங்கிய ராமில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். மேலே இருக்கும் இரண்டு கோர்களின் கோடுகளோ நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியரின் உதடு ஒரு பக்கம் போகும், குரல் இன்னொரு பக்கம் போகும், மின்விசிறி இரையும். யூடியூப் இன்று பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1 வடிவ வீடியோக்கள். இன்டெல் சிப்புகளில் விபி9-ஐ வன்பொருளே முழுமையாகப் பிரித்துத் தரும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு அது பதினொன்றாம் தலைமுறையில் வந்தது. அந்த வசதி இல்லாத கணினியில் ஒவ்வொரு பிரேமையும் பிராசசரே மூச்சுப் பிடித்துப் பிரிக்க வேண்டும். பழைய ஹெச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் ஆட்-ஆன்கள் இருக்கின்றன. இரண்டாம் மூன்றாம் தலைமுறை ஐ5-க்கு அவை கைகொடுக்கும், கோர் 2 காலத்து சிப்செட்டில் லினக்ஸ் வழியாக ஹெச்.264-ஐ வன்பொருளில் பிரிக்கவும் சுலபமான வழி இல்லை.

ஆக, பழைய லேப்டாப்பில் நம்மால் மாற்ற முடிவது டிஸ்க்கும் ராமும் பேட்டரியும். இன்றைய வேலையில் முட்டுக்கட்டையாக நிற்பது பிராசசரும் கிராபிக்சும். கழற்ற முடிந்ததைக் கழற்றி மாற்றிவிட்டு, கழற்ற முடியாததும் சரியாகிவிட்டது என்று நம்புகிறோம். ராம் ஏற்றுவதும் சொல்வதுபோல் எளிதல்ல. இன்டெல் 945 சிப்செட் உள்ள லேப்டாப்பில் 4 ஜிபி போட்டாலும் ஏறத்தாழ 3 ஜிபிதான் கணக்கில் வரும். நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ராம் வேண்டும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3 ராமைச் செருகினால் பல லேப்டாப்புகளில் திரை கறுப்பாகவே நிற்கும். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால் பேச்சு நீளும்.

லினக்ஸ் உலகமே இந்தப் பழைய சிப்புகளை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் ஆர்வலர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 32 பிட் லினக்சுக்கான குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிகளுக்கு இன்ஸ்டாலர் இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் அதே ஆண்டு முடிவதற்குள் 32 பிட் லினக்சைக் கைவிட்டது. ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் பத்தாம் பதிப்பு, 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளை ஏற்பதே இல்லை. எந்தக் கணினியிலும் லினக்ஸ் ஓடும் என்று இன்னும் மேடையில் பேசிக்கொண்டிருப்பது, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய உண்மையை இன்றைய உண்மையாக விற்பது.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். மேம்படுத்திய இந்தக் கணினி யாருக்குப் போகிறது? மேம்படுத்தியவர் வைத்துக்கொள்வதில்லை. அவரிடம் நல்ல லேப்டாப் இருக்கிறது. கல்லூரியில் சேரும் உறவுக்காரப் பெண்ணுக்கு, கிராமத்துப் பள்ளியின் ஆய்வகத்துக்கு, ஊர் நூலகத்துக்குப் போகிறது. அந்தப் பெண் தன் வாழ்க்கையில் முதன்முதலாக லினக்சைச் சந்திப்பது அந்தக் கணினியில்தான். ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும்போது அவள் விபி9-ஐயா நினைப்பாள்? லினக்ஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது, பக்கத்து வீட்டில் விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைப்பாள். பக்கத்து வீட்டுக் கணினி போன வருடம் வாங்கியது என்பது அவள் கணக்கில் வராது. எஸ்எஸ்டியின் புகழை முதல் வாரம் லினக்ஸ் வாங்கிக்கொள்கிறது, பிராசசரின் பழியை அடுத்த மூன்று வருடம் சுமக்கிறது. இல்லாதவர்களுக்குத் தருவதற்கான சிஸ்டம் என்ற முத்திரையை அதன் மேல் குத்துவது மைக்ரோசாஃப்ட் அல்ல, நாம்தான்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அந்த நிறுவனம் சூசே லினக்சுக்கு மாறியது. அரசுக்குப் புதிதாக வாங்கும் கணினிகளிலேயே லினக்ஸ் வர வேண்டும் என்பது அந்த முயற்சியின் நோக்கமாக இருந்தது. பக்கத்தில் கேரளம் அதை இன்னும் உறுதியாகச் செய்தது. அங்கே அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் பாடம். 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கிய திட்டத்தில் புது லேப்டாப்புகளே போயின, அவற்றில் ஓடியது பள்ளிகளுக்கென்றே தயாரான லினக்ஸ். ஆசிரியர்களுக்கு முன்னதாகப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்பது பள்ளிக்கூடத்துக் கணினியில் இருப்பது, அவ்வளவுதான். யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதன் மறுவாழ்வாக அது அவர்களுக்கு அறிமுகமாகவில்லை. 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியையும் சொல்லலாம். லினக்சுக்கென்றே வடிவமைத்த வன்பொருள் கிடைத்ததும், விளையாட்டுக்கு லினக்ஸ் ஆகாது என்ற பழைய பேச்சு அடங்கத் தொடங்கியது.

பழைய கணினிகளிலும் லினக்சுக்குத் தகுந்தவை உண்டு. விண்டோஸ் 11 கதவைச் சாத்தியதால் அநியாயமாக வெளியே நிற்பவை ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள். பலவற்றில் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு எந்தப் பாகமும் வாங்காமலே லினக்ஸ் போடலாம், அந்த லினக்ஸ் யாரையும் தலைகுனிய வைக்காது. அவற்றுக்கான நியாயமான வாதத்தைக் கடன் வாங்கித்தான் கோர் 2 டுவோவுக்கும் ராம் விற்கிறார்கள். அதுவும் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக்கொண்டே போகும் நேரத்தில்.

நிறுவல் முகாம் நடத்தும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். கணினியைக் கொண்டுவருபவரிடம் பாகங்களின் பட்டியலை நீட்டாதீர்கள். முதலில் ஒரு பென்டிரைவில் இருந்து லினக்சை லைவாக ஓட்டி, அவர் தினமும் பார்க்கும் வீடியோவையும் அவர் பயன்படுத்தும் தளத்தையும் அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். கோர்கள் தாங்கினால் எஸ்எஸ்டி வாங்கச் சொல்லுங்கள். தாங்கவில்லையென்றால், வேகத்துக்காக இதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அந்தப் பணத்தை அலுவலகங்கள் கழித்துக்கட்டும் ஏழாம் தலைமுறை லேப்டாப் ஒன்றுக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.