ஆகஸ்ட்டில் வந்த ஜனவரிப் பாட்டு

டிசம்பர் 31, இரவு 11:59. குடியிருப்பின் மொட்டை மாடியில் கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒருவர், செல்போன் திரைமேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறார். மணி பன்னிரண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் உற்சாகமாக வாழ்த்துச் சொல்ல, ‘இளமை இதோ இதோ’ தொடங்குகிறது.

இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘சகலகலா வல்லவன்’ படம் வெளியானதோ 1982 ஆகஸ்ட்டில். படம் சக்கைப்போடு போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஓடிய எத்தனையோ படங்களின் பாட்டுகள் இன்று யார் வாயிலும் இல்லை. இது பிழைத்ததற்குக் காரணம், காலண்டரில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் துண்டு போட்டுவிட்டதுதான். பொங்கலுக்குப் பானை உண்டு, தீபாவளிக்குப் பட்டாசு உண்டு. நள்ளிரவுப் புத்தாண்டுக்கு நம்மிடம் என்ன இருந்தது?

துண்டு போட்டால் போதுமா? இளையராஜாவின் தாளம் ஆடத் தெரியாதவர் காலையும் தரையில் தட்டவைக்கிறது. வாலியின் வரிகள், மனப்பாடம் செய்யாமலே ஏறிவிடுபவை. திரையில் கமல்ஹாசனின் துள்ளல் வேறு. ஆனால் மொட்டை மாடியில் திரை ஏது? அங்கே எல்லாம் குரல்தான். அந்த முதல் கூவல், கல்யாண வீட்டு வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் மாமாவின் வரவேற்பு!

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. காலமானார். மூன்று மாதம் கழித்து, கொரோனாவால் கடற்கரைக் கூட்டமில்லாமல் பிறந்த 2021-க்கும் வீடுகளுக்குள் அதே குரல்தான் வாழ்த்துச் சொன்னது.