சீட்டும் சித்தமும்

வீடு வாங்கலாமா, வந்த வரனுக்குச் சரி சொல்லலாமா என்று யோசிக்கிறவரிடம், "ஜெபித்தீர்களா, ஆண்டவர் என்ன சொன்னார்?" என்றுதான் நம் சபைகளில் முதலில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதன் பின்னால் நிற்கும் கருத்துதான் தவறு. ஆதிச் சபை தொட்டு விசுவாசிகள் எல்லா முடிவுக்கும் நேரடியாகப் பதில் பெற்று நடந்தார்களாம். கூடிப் பேசி முடிவெடுப்பது விசுவாசத்தில் ஒரு படி கீழாம். வரலாறு அப்படி இல்லை.

தேவசித்தம் அறிய வேதத்தில் வரும் ஊரீம் தும்மீம், கிதியோனின் ஆட்டுத்தோல், யோசேப்பின் சொப்பனங்கள் யாவரும் அறிந்தவை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அதன்பின் சபை சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடமும் இல்லை. புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்ற கேள்வி சபையையே உடைக்கப் பார்த்தபோது எருசலேமில் கூடி வாதாடினார்கள். முடிவை எழுதுகையில் பரிசுத்த ஆவியானவரையும் தங்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே எழுதினார்கள். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் நம் பிரசங்கங்களில் இன்னும் அதிகமாக ஒலிக்க வேண்டும்.

இந்த அதிகாரத்தின் உண்மையான வாரிசு, புராட்டஸ்டண்டுகளாகிய நாம் படிக்கத் தயங்கும், இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா வீட்டில் படுத்துக் கிடந்தார். மறு ஆண்டு மொன்செராத்துக்குப் போகும் வழியில், மரியாளைப் பற்றித் தம்மோடு தர்க்கித்துவிட்டு முன்னே சென்ற மூர் முஸ்லிம் ஒருவனைத் துரத்திப்போய்க் குத்துவதா, விடுவதா என்று தடுமாறினார். கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, அது போகிற பக்கம் போகட்டும் என்று விட்டார். கழுதை வேறு பாதையில் திரும்பியது, மூர் தப்பினான். பிற்காலத்தில் தம் வரலாற்றைச் சொன்னபோது, இதைத் தம் ஆன்மா இன்னும் குருடாயிருந்த காலத்துக்கு உதாரணமாகவே அவர் சொன்னார்.

1548இல் அச்சான அவருடைய "ஆன்மப் பயிற்சிகள்" நூலில் கழுதைக்கு இடமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வாய்? சாகும் வேளையில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய்? இவற்றை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். மனம் சோர்ந்து வறண்டிருக்கையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் தரும் கண்டிப்பான விதி.

அதைவிட மேலானது 1539இல் உரோமையில் நடந்தது. தங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்து ஒரு சபையாகலாமா என்பது அவர் தோழர்கள் முன்னிருந்த கேள்வி. பகலில் அவரவர் ஊழியம், இரவில் கூட்டம் என்று மூன்று மாதம் போனது. அவர்கள் வகுத்த விதிகள் இவை: இதைப் பற்றித் தங்களுக்குள் தனியே பேசிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவரும் தாம் வெளியாள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் எல்லாரும் எதிரான காரணங்களை மட்டுமே சொன்னார்கள். மறுநாள் ஆதரவான காரணங்கள் மட்டும். ஒருமனதாக முடிவு வந்தது. 1540இல் இயேசு சபை பிறந்தது. ஜெபமும் யோசனையும் இவ்வளவு அழகாகக் கைகோத்த இன்னொரு காட்சியைச் சபை வரலாற்றில் நான் கண்டதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு சறுக்கியது. 1760இல் தரங்கம்பாடி அருகே வந்து குடியேறிய மொரேவியர் என்ற புராட்டஸ்டண்டுச் சபையார் பக்தியில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனாலும் கல்யாணத்தைக்கூடச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். சாதாரண அங்கத்தினருக்கு அந்தக் கட்டாயம் நீங்க 1818 ஆகிவிட்டது. அவர்கள் தரங்கம்பாடிக்கு வருமுன்பே, வேறு மொரேவியரிடம் கற்ற மெதடிஸ்ட் முன்னோடி ஜான் வெஸ்லி 1737இல் அமெரிக்காவின் சவானாவில் சோபி ஹாப்கியை மணப்பதா என்று மூன்று சீட்டு எழுதினார்: மணம் செய், இந்த ஆண்டு வேண்டாம், இனி நினைக்கவே நினைக்காதே. வந்தது மூன்றாவது. சில நாளில் சோபி வேறொருவரை மணந்தார். பிறகு வெஸ்லி அவருக்கு நற்கருணை மறுத்தார், வழக்கு வந்தது, ஆண்டு முடியுமுன் ஊரைவிட்டே போனார். மூன்று சீட்டில் ஒன்றிலாவது சோபியின் விருப்பம் இருந்ததா?

1930களில் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தினர் விடியற்காலையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மனதில் பட்டதை எழுதினார்கள். அதைப் பிறரிடம் காட்டிச் சரிபார்த்தது நல்ல வழக்கம். 1980இல் அமெரிக்க வேத ஆசிரியர் கேரி ஃப்ரீசன், வேதம் கட்டளையிடாத இடத்தில் விசுவாசிக்குச் சுயாதீனமும் ஞானமும் உண்டு என்று துணிந்து எழுதினார். நாமோ இன்று சீட்டுக்கே திரும்பியிருக்கிறோம். புத்தாண்டு நள்ளிரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை ஆறுதல் தரட்டும். அதை வைத்துப் பெண் பார்க்காதீர்கள். ஒருவர் மட்டும் கேட்ட சத்தத்தை மற்றவர் எதிர்த்துப் பேச முடியாது. "தேவசித்தம்" என்று மாமனார் சொல்லிவிட்டால் மருமகள் வாய் திறக்க வழியில்லை. போதகர் சொன்னால் கமிட்டி அடங்கிவிடுகிறது.

அடுத்த பாஸ்டரேட் கமிட்டியில், அடுத்த கல்யாணப் பேச்சில், முழங்காலில் நின்று ஜெபித்த பிறகு ஒரு மாலை முழுவதும் எதிரான காரணங்களை மட்டும் எல்லாரும் சொல்லுங்கள். பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், முதலில் அவள் பேசட்டும்.