ஒரே ஜோடிக் கம்பியில் நான்கு பேர்: ஆடலூர்த் தோட்டத்தில் மேக்ஸ்485

ஆடலூரில் சித்தப்பாவின் காபித் தோட்டம் முழுக்கச் சரிவு. கீழே ஓடையோரம் மோட்டார் ரூம், மேலே பாறை மேட்டில் தண்ணீர்த் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் வீடு. மோட்டாரைப் போட்டால் தொட்டி ரொம்பியதா என்று பார்க்க ஓர் ஆள் மேலே ஏறவேண்டும். ரொம்பியதும் நிறுத்த அதே ஆள் கீழே இறங்கவேண்டும். மாசி, பங்குனியில் பூ மழை ஏமாற்றிவிட்டால் காபிச் செடிக்குத் தெளிப்பான் வைத்துத்தான் பூ எடுக்க முடியும்; அந்த நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் நாலைந்து தடவை நடக்கும்.

“தண்ணிக்கே ஒரு ஆளு சம்பளம் போயிருதுப்பா. டேங்கு ரொம்பிருச்சுன்னா மோட்டாரு அதுவா நிக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ணித் தா” என்றார் சித்தப்பா.

அதற்காக வாங்கியதுதான் மேக்ஸ்485 பலகை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், விலை நூறு ரூபாய்க்குள். சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிகள் நான்கோடு இதைச் சேர்த்து ஒரு வருடம் மலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏன் கம்பி?

இந்தக் காலத்தில் கம்பி இழுப்பதா என்று பலரும் கேட்டார்கள். ஆடலூர் மலை மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. மோட்டார் ரூமுக்குப் போனால் போன் சிக்னல் விழுந்துவிடுகிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா ரேடியோக் கருவிகளையும் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே நன்றாகவே பேசின. ஓடைப் பள்ளத்துக்கு வந்ததும், நடுவில் நிற்கும் பாறையும் சில்வர் ஓக் மரங்களும் மறித்துவிட்டன.

நானோவின் சீரியல் கால்களை நேராக நீளக் கம்பியில் போட்டால் சில மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. 1983-ல் வந்த ஆர்எஸ்-485 தரம் அந்தக் குறையைத் தீர்க்கத்தான்; மேக்ஸ்485 பலகை பேசுவது அந்தத் தரத்தில்தான். முறுக்கிய ஜோடிக் கம்பியில் ஒன்றை ஏ என்றும் மற்றதை பி என்றும் வைத்து, இரண்டுக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தைத்தான் செய்தியாகப் படிக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று இழுக்கும்போது கிளம்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறும், வித்தியாசம் மாறாது. குறைந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும், 32 கருவிகள் வரை ஒரே கம்பியில் தொங்கலாம். கல்யாண மண்டப மேடை விளக்குகளை ஆட்டுவிக்கும் டிஎம்எக்ஸ் கம்பியும் பம்புசெட் டிரைவ்களில் உள்ள மோட்பஸ் முனையும் இதே தரத்தில்தான் வேலை செய்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது சுமார் 450 மீட்டர், 9,600 பாட் வேகம், நான்கு கருவிகள்: வீடு, மோட்டார், நடுத்தோட்ட வால்வு, தொட்டி.

பேசும் முறை

இருப்பது ஒரே ஜோடி. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பது இதுதான். தருமத்துப்பட்டியிலிருந்து மலையேறும் பாதையில் ஒடுங்கிய வளைவு வந்தால், இறங்கும் வண்டி அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிற்கும், ஏறும் வண்டி போனபிறகுதான் நகரும். இரண்டும் மூக்கை நுழைத்தால் இரண்டுமே நிற்கவேண்டியதுதான். கம்பியிலும் அப்படியே. பலகையின் டிஇ காலை உயர்த்தினால் அது பேசும். ஆர்இ காலைத் தாழ்த்தினால் கேட்கும். இரண்டையும் சேர்த்து நானோவின் ஒரே காலில் கட்டிவிட்டால், உயர்ந்தால் பேச்சு, தாழ்ந்தால் கேட்பு.

வீட்டுக் கருவிதான் மாஸ்டர். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் எண் சொல்லி அழைக்கும். அழைக்கப்பட்டவர் மட்டும் பதில் சொல்வார், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு செய்திக்கு எட்டு பைட். முகவரி, கட்டளை, விவரம், கடைசியில் சரிபார்ப்பு எண். கம்பியில் அது போய்ச்சேர எட்டு மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகிறது.

மேசையில் பட்ட பாடு

முதல் நாள் ஒரு பதில்கூடத் தேறவில்லை. செய்தி முழுதாக வராது, அறுந்து குப்பையாக வரும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போனது. ‘சீரியல்.ரைட்’ என்ற கட்டளை பைட்டுகளை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. அவை கம்பியில் ஏறி முடியும்வரை காத்திருப்பதில்லை. 9,600 வேகத்தில் ஒரு பைட் வெளியேற ஏறக்குறைய ஒரு மில்லி நொடி வேண்டும். நான் அதற்குள் டிஇ காலைத் தாழ்த்தி, செய்தியின் குரல்வளையைப் பிடித்திருக்கிறேன். தாழ்த்தும் வரிக்கு முன்னால் ‘சீரியல்.ஃப்ளஷ்’ என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆர்டுயினோ 1.0-க்கு முந்தைய பதிப்புகளில் இதே கட்டளை வந்த செய்தியை அழிக்கும் வேலையைச் செய்தது. பழைய பாட நிரலைப் பார்த்து எழுதுபவர்கள் கவனிக்கவேண்டும்.

இன்னொன்று: கேட்ட செய்தியை நானோவுக்குத் தரும் ஆர்ஓ கால் நானோவின் 0-ம் காலில் இருக்கும்போது யுஎஸ்பி வழியாக நிரல் ஏறாது. ஏற்றும்போது அந்த ஒரு கம்பியைக் கழற்றி வையுங்கள்.

பலகையின் மூன்று குறைகள்

முதல் குறை, முனைத் தடை. ஏ, பி முனைகளுக்கு அருகே ‘ஆர்7’ என்று எழுதிய அரிசிக் குருணை அளவுத் தடை இருக்கிறது. அதன் முதுகில் 121 என்று அச்சு. 12-க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது 120 ஓம். கம்பியின் இரண்டு கோடியிலும் இது இருக்கவேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. ஆனால் எல்லாப் பலகையிலும் ஒட்டித்தான் விற்கிறார்கள். நான்கையும் மேசையில் இணைத்து மீட்டர் வைத்தேன், 30 ஓம் காட்டியது. இருக்கவேண்டியது 60. அந்தச் சுமையை இழுக்கச் சிப் திணறும். நடுவிலுள்ள இரண்டு பலகைகளிலும் சால்டரிங் அயர்ன் வைத்து ஆர்7-ஐ எடுத்துவிட்டேன்.

இரண்டாவது, யாருமே பேசாதபோது கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்பது. சிப்புக்கு 200 மில்லிவோல்ட் வித்தியாசமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் அதன் தீர்ப்பை நம்ப முடியாது. பலகையில் உள்ள 20 கிலோஓம் தடைகள் மிகவும் பலவீனமானவை. எல்லோரும் மௌனமாக இருந்தபோது ஏ-பி இடையே அளந்தால் 30 மில்லிவோல்ட் அளவில்தான் இருந்தது. அதனால் யாரும் பேசாமலே குப்பை எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. வீட்டுப் பக்கம் மட்டும் ஏ-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 560 ஓம், பி-யிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 560 ஓம் போட்டேன். அளவு 250-ஐத் தாண்டியது, குப்பையும் நின்றது.

மூன்றாவது குறைதான் ஆபத்தானது. பலகையில் டிஇ காலை 10 கிலோஓம் தடை ஒன்று மேலே இழுத்து வைத்திருக்கிறது. நானோ ரீஸ்டார்ட் ஆகும் ஓரிரு நொடி அதன் கால்கள் எதையும் பிடிக்காமல் தொங்கும். அந்த இடைவெளியில் பலகை தானாகப் பேசும் நிலைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. மலையில் கரண்ட் வந்து வந்து போகும் நாளில் மோட்டார் ரூம் கருவி இப்படிக் கம்பியை மறித்து, மற்ற மூன்று பேரையும் ஊமையாக்கிவிட்டது. டிஇ காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் தடை போட்டால் தீர்ந்தது. ஐம்பது காசு பெறாத பொருள்; இதைப் பலகையிலேயே வைத்து விற்றிருக்கவேண்டும்.

மலையில் ஒரு வருடம்

கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேட்-5 கேபிளைப் பயன்படுத்தினேன். ஒரு ஜோடி ஏ-பிக்கு. இன்னொரு ஜோடி கிரவுண்டுக்கு. “ரெண்டு கம்பி போதும்” என்று சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கருவிகளின் கிரவுண்டுகளுக்கு இடையே மின்னழுத்தம் விலகிப்போனாலும், -7 முதல் +12 வோல்ட் வரைதான் சிப் தாங்கும். தொட்டிப் பக்கம் சோலார் பேனலில் தனியாக ஓடுவதால் இந்தக் கிரவுண்டுக் கம்பி கட்டாயம்.

மண்ணில் புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டினோம். யானை ஒருமுறை ஒரு மரத்தைச் சாய்த்தபோதும், நிழல் கழிக்கும்போது அரிவாள் பட்டபோதும் கேபிள் அறுந்தது. இரண்டு தடவையும் ஒருவருக்கும் சேதமில்லை, மோட்டாரும் கெடவில்லை. காரணம், நிரலில் முதலிலேயே எழுதி வைத்த ஒரு விதி: மூன்று முறை தொடர்ந்து வீட்டிலிருந்து அழைப்பு வராவிட்டால் மோட்டார் கருவி தானே மோட்டாரை நிறுத்தவேண்டும், தொட்டியிலிருந்து பதில் வராவிட்டால் வீடு நிறுத்தச் சொல்லவேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் பேசும் முறையில் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்பதை நாம்தான் முன்கூட்டி முடிவுசெய்து வைக்கவேண்டும். என்னைப் பொறுத்தவரை, இந்தக் கட்டமைப்பிலேயே அதிமுக்கியமான வரிகள் அவைதான்.

சித்திரை இடிமழையில் தொட்டிப் பக்கத்துச் சிப் எரிந்துபோனது. பலகையில் மின்னல் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கோடியிலும் எஸ்எம்712 என்ற டிவிஎஸ் டயோடு போட்டேன். அதன் தாங்கும் அளவு இந்த -7, +12 வோல்ட்டுக்கென்றே அமைந்தது. நேரடி இடியை அதுவும் தாங்காது, பக்கத்தில் விழும் இடியின் அதிர்ச்சியைக் குறைக்கும்.

யார் வாங்கலாம்?

வீட்டுக்குள் பத்து மீட்டர் தூரம் என்றால் இது தேவையில்லை. சரிவு, பள்ளம், மரக்கூட்டம், மோட்டார் இரைச்சல் எல்லாம் இருக்கும் தோட்டத்தில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு நம்பகமான வழி நான் பார்க்கவில்லை. ஈஎஸ்பி32 பயன்படுத்துபவர்கள் 5 வோல்ட் சிப்பான இதை வாங்கவேண்டாம், 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 வாங்குங்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. மேலே சொன்ன மூன்று திருத்தங்களைச் செய்யாமல் இதை மலையேற்றக் கூடாது.

இந்தப் பங்குனியில் தெளிப்பான் ஓடிய நாட்களில் தண்ணீருக்காக ஒருவரும் மேட்டில் ஏறவில்லை. அந்த ஆள் இப்போது கவாத்து வேலையில் இருக்கிறார். நான்கு பலகை தேவையென்றால் ஆறு வாங்குங்கள்: இடிக்கு ஒன்று, கைதவறுதலுக்கு ஒன்று.