நெற்போர்த் தீ: ஒரு பாடக்கதையின் நிறையும் குறையும்

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பாடநூலில் 1937 முதல் 1947 வரை இடம்பெற்ற கதை 'நெற்போர்த் தீ'. மேட்டில் வாழும் கோஹே என்னும் முதியவர், மெதுவான, நீண்ட நில அதிர்வை உணர்கிறார். கடல் உள்வாங்குவதைக் காண்கிறார். உடனே, அறுவடையான தம் நெற்போர்களுக்குத் தீ வைக்கிறார். தீயணைக்க மேடேறி வந்த ஊரார் ஆழிப்பேரலைக்குத் தப்புகின்றனர். ஒருமுறை கேட்டவர் இக்கதையை மறவார். இதுவே இதன் முதற்சிறப்பு.

ஆனால் அறிவியற்பாடமாக இதனை அப்படியே ஏற்கலாமா? கதைக்கு மூலம், 1854இல் ஹிரோ என்னும் ஊரில் நிகழ்ந்த உண்மை. அங்கு நில அதிர்வு மெதுவானதன்று, மிகக் கடுமையானது. ஹமகுச்சி கோரியோ அப்போது முப்பதுகளில் இருந்தவர். இருளில் தவித்தோர்க்கு மேட்டின் திசையைக் காட்டவே வைக்கோற்போர்களைக் கொளுத்தினார்.

கதைச்சுவை கருதி இம்மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆயினும், கடல் உள்வாங்கினால்தான் பேரலை வரும் என்ற தவறான எண்ணம் மாணவர் மனத்தில் பதிய இக்கதை இடந்தருகிறது. கடலடித் தரை ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழும்போது, தாழ்ந்த பக்கத்துக் கரையில் நீர் முதலில் வடியும். உயர்ந்த பக்கத்துக் கரையில் முதலில் ஏறும். 2004 டிசம்பர் 26இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கிற்று. தமிழகக் கரையிலோ முதலில் வந்தது ஏறிய நீரே. கடல் பின்வாங்கட்டும் என்று காத்திருப்பவருக்கு அங்கே ஓட நேரமிராது.

மற்றொரு குறை, கதையில் சிந்திப்பவர் ஒருவரே, ஏனையோர் பின்தொடர்வோர். 2011 மார்ச் 11இல் கமாய்ஷி நகரின் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் ஒலிபெருக்கி அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடினர். அருகிலிருந்த தொடக்கப்பள்ளிச் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு, முதலில் குறித்திருந்த இடம் போதாதெனக் கண்டு மேலும் உயரே சென்றனர். முன்கணிப்பை அப்படியே நம்பாதே என்பது அவர்கள் பயின்ற பாடங்களுள் ஒன்று.

கோரியோ பின்னர் எழுப்பிய, ஏறத்தாழ 5 மீட்டர் உயரமுள்ள கடற்கரை அணை, 1946இல் வந்த ஆழிப்பேரலையிலிருந்து ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. அதையும் இக்கதை சொல்லவில்லை.

ஆசிரியர்கள் இக்கதையைத் தாராளமாகக் கற்பிக்கலாம். ஆனால் தீயோடு நிறுத்தலாகாது. கடற்கரையில் கடும் அதிர்வோ நீண்ட அதிர்வோ உணர்ந்தால், அல்லது எச்சரிக்கை கிடைத்தால், கடலை வேடிக்கை பார்க்காமல் மேடேற வேண்டும். முதல் அலை வடிந்தவுடன் இறங்கலாகாது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னாலே பாடம் முழுமை பெறும்.