பஜ்ஜி சுற்றிய ஆதார்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. பகல் ஷிஃப்ட் முடிந்து கூட்டம் வந்து மொய்க்கும் நேரம். சுடச்சுட இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். கடைக்காரர் ஒரு வெள்ளைத்தாளை உருவி, மடித்து, அதில் வைத்துக் கொடுத்தார். தின்று முடித்துக் கை துடைக்கும்போதுதான் தாளைக் கவனித்தேன்.

ஒரு இளைஞனின் முகம். ஒடிசா முகவரி. 12 இலக்க ஆதார் எண். அதன் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. மூலையில் பின் அடித்த ஓட்டை. இன்னும் சில தாள்களோடு சேர்ந்து எங்கோ ஒரு ஃபைலில் இருந்த தாள் என்பதற்கு அந்த ஓட்டையே சாட்சி.

"இது எங்கேர்ந்து வந்துச்சுண்ணே?"

"எடைக்கு வாங்கறதுதான் சார். பின்பக்கம் வெள்ளையா, சுத்தமா இருக்குது பாருங்க!"

செய்தித்தாளில் உணவுப் பொருளைச் சுற்றாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லிருந்து சொல்லி வருகிறது. மை வயிற்றுக்குள் போய்விடும் என்பது அவர்கள் கவலை. என் கவலை வேறு. பஜ்ஜி தின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒடிசாப் பையனுக்கு என்ன ஆகும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்று காலையில்தான் அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் எல்லாப் பெயரும் ஒன்றுதான். எம்.டி. அறையில் பளபளவென்று ஒரு ஷ்ரெட்டர். மேலாளர் பெருமையாக ஒரு வெற்றுத்தாளை அதன் வாயில் கொடுத்தார். 'கர்ர்ர்' என்று விழுங்கிவிட்டது. "ஹை செக்யூரிட்டி மாடல் சார். ஒரு தாளை ரெண்டாயிரம் துண்டா போட்டுடும்."

அதே கட்டடத்தில், மனிதவளப் பிரிவின் கதவோரம், மூன்று அட்டைப்பெட்டிகள். எட்டிப் பார்த்தால் கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் ஆதார் நகல், பான் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாம் ஒரே பின்னில். "வேலையை விட்டுப் போனவங்க சார். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்."

எம்.டி.யின் வெற்றுத்தாளுக்கு ஹை செக்யூரிட்டி. தொழிலாளியின் ஜாதகத்துக்கு எடைத்தராசு!

*

இந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஷ்ரெட்டர் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

மலிவு மெஷின்கள் தாளை நாடா நாடாவாகக் கிழிக்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் நாடா என்றால் 35 துண்டுகள். 35 துண்டை ஒட்டுவது பெரிய வித்தையா? ஈரான் தலைநகர் டெஹ்ரானில் 1979 நவம்பரில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாக ரகசியக் காகிதங்களை இப்படித்தான் நாடாவாகக் கிழித்துப் போட்டார்கள். ஈரானியர்கள் கம்பளம் நெய்யும் கைகளை வரவழைத்து, பொறுமையாக நாடாக்களை ஒட்ட வைத்து, புத்தகத் தொகுதிகளாகவே வெளியிட்டார்கள். 2012-ல் வந்த 'ஆர்கோ' படத்திலும் துண்டு பொறுக்கி ஒட்டும் காட்சி உண்டு.

இன்று இதற்கென்றே ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து, 2018-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. காகிதத்துக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு படிகள். பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு ஏ4 தாள் சுமார் 390 துண்டாகும். பி-5 என்றால் 30 சதுர மில்லிமீட்டர்; 2,000 துண்டைத் தாண்டும். பி-7 என்றால் வெறும் 5 சதுர மில்லிமீட்டர். 12,000 துண்டுக்கு மேல். நம் ஆபீஸ்களுக்கும் வீடுகளுக்கும் பி-4 தாராளம். பி-7 எல்லாம் ராணுவத்துக்கும் உளவுத்துறைக்கும்.

சின்னத் துண்டானால் மட்டும் சேர்க்கவே முடியாதா? அதையும் சோதித்தார்கள். 2011-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான 'தார்பா' ஒரு போட்டி வைத்தது. ஐந்து புதிர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், 50 ஆயிரம் டாலர் பரிசு. கம்ப்யூட்டரையும் மனிதக் கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்திய ஒரு குழு 33 நாளில் ஜெயித்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் அத்தனை நாள் உட்கார வேண்டியிருந்தது. பாதுகாப்பு என்பதே அதுதான். திருடனுக்குக் கட்டுப்படியாகாமல் செய்வது.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் ஜி.என்.டி. சாலையில்தான் புழல் சிறை. 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி தூள் தூளாக்கியது. மறு வருஷம், அந்தத் தூள் புழல் சிறைக்கு வந்தது. 70 டன் வரை தர ரிசர்வ் வங்கி முன்வந்ததாகச் செய்தி. கைதிகள் அதைக் கூழாக்கி அரசு ஆபீஸ்களுக்கான ஃபைல் அட்டை செய்தார்கள். நாட்டையே வரிசையில் நிற்க வைத்த நோட்டு, கடைசியில் ஃபைல் அட்டையானது. எண்ணி, கிழித்து, அமுக்கி, கைமாற்றிக் கொடுத்து, பொருளாகும் வரை ஒரு ஒழுங்கு. செல்லாத நோட்டுக்கு இருக்கும் மரியாதை, செல்லுபடியாகும் ஒரு மனிதனின் அடையாளத்துக்கு இல்லை.

*

"ஆதார் நம்பர் லாட்ஜ்லேர்ந்து சிம் கார்டு கடை வரைக்கும் எல்லார்கிட்டயும்தான் சார் இருக்கு. அதை வெச்சு எவன் என்ன பண்ணிடுவான்?" என்றார் மேலாளர்.

நியாயமான கேள்வி. வெறும் எண்ணை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பின் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஆதார், பான், பாஸ்புக், போட்டோ, கையெழுத்து மாதிரி ஐந்தும் ஒரே கொத்தாகக் கிடைத்தால், அது நகல் இல்லை, ஒரு ஆள். அடுத்தவர் பான், ஆதாரில் பதிவு செய்த போலி ஜி.எஸ்.டி. நிறுவனங்களைப் பிடிக்க 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்கத் தனி வேட்டையே நடத்த வேண்டியிருந்தது. கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த நோட்டீஸ் ஒடிசா கிராமத்துக்குப் போனால், அதைப் படித்துச் சொல்லக்கூட ஆள் தேட வேண்டும்.

அரசாங்கமே இதில் தடுமாறியது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் எச்சரித்தது. மக்கள் பதறியதும், இரண்டே நாளில் வாபஸ். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே 'டிஜிட்டல்' இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்குத்தான் அது பொருந்தும். ஏறாமல் காகிதமாகவே கிடந்து காகிதமாகவே எடைக்குப் போனால், அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. நம் பஜ்ஜிப் பேப்பர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது!

*

இப்போது மறுபக்கம். இதையும் சொல்லாவிட்டால் பி.காம் படித்ததற்கு அர்த்தமில்லை.

2001-ல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் கவிழ்ந்தபோது, அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சனின் ஆபீஸில் ஷ்ரெட்டர்கள் ஓவர்டைம் பார்த்தன. விசாரணை வருகிறது என்று தெரிந்தே காகிதங்களை அழித்ததாக வழக்கு. 2002 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் உலகின் ஐந்து பெரிய ஆடிட் நிறுவனங்களில் ஒன்று காணாமல் போயிருந்தது.

ஆக, கிழிப்பது எப்போதும் புண்ணியம் இல்லை. நம் கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கென்றால், அந்த ஆண்டின் ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். சாட்சியாக வரக்கூடாதென்று ஆவணத்தை அழித்தால், அது தனிக் குற்றம், ஜெயில் உண்டு. எம்.டி. அறைக்குள் ஷ்ரெட்டர் எதற்கு என்று எனக்கு ஒரு சந்தேகம் வருவது இதனால்தான். எது கிழிபடுகிறது என்று யாருக்கும் தெரியாத இடம் அது.

நம் நோய் இரண்டு வரிதான். கிழிக்க வேண்டியதை எடைக்குப் போடுகிறோம். வைக்க வேண்டியதைக் கிழித்துவிடுகிறோம்.

மருந்துக்குப் பெரிய செலவில்லை. மெஷினை எம்.டி. அறையிலிருந்து தூக்கி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள். என்ன கிழித்தோம், எந்தத் தேதியில், யார் சொல்லி என்று ஒரு நோட்டு போடுங்கள். தேவையில்லாத நகலை வாங்கவே வாங்காதீர்கள். வாங்காத காகிதத்தைக் கிழிக்க மெஷின் வேண்டாமே!

வாசகர்களே, நீங்கள் கொடுக்கும் பக்கத்தில் இருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, என்று கொடுத்தது என்று எழுதுங்கள். வேலையை விட்டு வரும்போது "என் பேப்பரைத் திருப்பிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

வீட்டில் மெஷின் இல்லையா? என் பாட்டி வழி இருக்கிறது. பழைய பேப்பரை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்தயத்தோடு சேர்த்து உரலில் ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பி, காயவைத்துக் கூடை செய்வாள். எந்த டெஹ்ரான் கம்பளக்காரனும் அந்தக் கூடையிலிருந்து ஒரு எழுத்தைப் படிக்க முடியாது.

அந்த ஒடிசாப் பையனின் தாளை அன்று இரவு வீட்டு பக்கெட்டில் ஊறவைத்தேன். எண் கரைந்தது. முகம் கரைய மட்டும் கொஞ்சம் நேரமானது.