கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைபவர்கள் முதலில் சொக்கிப்போவது தேக்குத் தூண்களிடமும் ரவிவர்மா படங்களிடமும்தான். என் கால் நேரே எனாமல் அடுக்குக்குப் போகும். எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துவிடுவேன். பாத்திரத்தின் ஜாதகம் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

சிலவற்றில் 'கொக்கும்ஸ், ஸ்வீடன்' என்ற முத்திரை தெரியும். தென் ஸ்வீடனில் ரோனெபி என்னும் சிற்றூர்ப் பக்கத்து ஆலை அது. பாலாடை நிற உடம்பு, பச்சை விளிம்பு என்றால் முத்திரை தேய்ந்திருந்தாலும் எனக்கு அந்த ஆலை நினைவுதான் வரும். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் வீடுகளுக்கு இந்தச் சீமைச் சாமான் வந்து சேர்ந்தது. பெண்ணுக்கு வைத்த சீரில் வெள்ளி, வெண்கலம், பித்தளையோடு எனாமலுக்கும் இடம் கிடைத்தது.

வெறும் பகட்டுக்காக மட்டும் வாங்கியிருக்க மாட்டார்கள். இரும்புத் தகட்டில் கண்ணாடிக் குழம்பைப் பூசி, 800 டிகிரி அளவிலான சூளையில் உருக்கிப் பிடிக்கவைப்பதுதான் எனாமல். பித்தளையில் ஈயம் தேய்ந்தால் புளி பட்டுக் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியைப் புளி ஒன்றும் செய்யாது. ஊறுகாயைப் போட்டு மறந்துவிடலாம். கை தவறிக் கீழே விழுந்தால்தான் வினை: சில்லு பெயர்ந்து உள்ளேயிருக்கும் கறுப்பு இரும்பு பல்லைக் காட்டும். ஓரிரண்டு சில்லு போன பாத்திரத்தைத்தான் நான் நம்புகிறேன். அது அடுக்களையில் உழைத்தது. மாசுமருவற்றது பெட்டகத்திலேயே தூங்கியிருக்கும், இல்லையென்றால் போன வருஷம் செய்ததாக இருக்கும்.

அண்மையில் கைக்கு வந்த ஒரு மூடிச்சட்டியின் அடியில் கடுகளவில் மூன்று கறுப்புப் புள்ளிகள். அடிபட்ட தழும்பு என்று கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். சூளையில் பாத்திரத்தைத் தாங்கிய இரும்பு முனைகள் விட்டுப்போன தடம் அது! நான் வாயைத் திறக்கவில்லை.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் இனிஷியல், மூன்று எழுத்து. பித்தளை என்றால் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். எனாமலில் உளி வைத்தால் பூச்சு பெயர்ந்துவிடும். பங்காளிகள் கூடி விசேஷம் நடத்தும் வளவில் யார் வீட்டுச் சட்டி எது என்று பிரித்தெடுக்க விலாசம் இல்லாமல் முடியாது.

மூடியைத் திருப்பினால் அங்கே வேறு விலாசம். ஏதோ ஒரு விசேஷ வீட்டில் மாறிப் போய்த் திரும்பாமலே இருந்திருக்கலாம். பாகப்பிரிவினையில் சட்டி ஒரு பங்குக்கும் மூடி இன்னொரு பங்குக்கும் போய், கடையில் மறுபடி ஜோடி சேர்ந்திருக்கலாம். "ஜோடி சேராத மூடி, வேற பார்த்துத் தரவாண்ணே?" என்றார் கடைக்காரர். இதுவே போதும் என்று காகிதத்தில் சுற்றச் சொன்னேன்.