ஹோரோவிட்ஸ்: வேகத்துக்குக் கிடைத்த கைத்தட்டல்

1928 ஜனவரி 12, நியூயார்க் கார்னகி ஹால். சாய்காவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை இசை நடத்துநர் தாமஸ் பீச்சம் நிதானமாகக் கொண்டுபோக, அமெரிக்காவில் முதன்முறை மேடையேறிய பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் கடைசிப் பகுதியில் இசைக்குழுவை விட்டுவிட்டு ஓடினார். கூடி வாசிக்கும் இசையில் இது அப்பட்டமான குற்றம். கூட்டமோ ஆர்ப்பரித்தது. அன்றிலிருந்து அவரைப் புகழ்ந்தவர்களும் சரி, பழித்தவர்களும் சரி, பெரும்பாலும் பேசியது இந்த வேகத்தையும் முழக்கத்தையும்தான்.

பழித்தவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ படைப்பை ஹோரோவிட்ஸ் தம் இஷ்டத்துக்கு மாற்றி, ஸ்வரங்களைக் கூட்டி வாசித்தார். 1951 கச்சேரிப் பதிவில் அதன் இறுதிப் பகுதி அரங்கையே அதிரவைக்கிறது. ஆனால் மூலத்தின் கரடுமுரடான வெறுமை காணாமல் போய்விட்டது. என்னைக் கேட்டால் அந்த வெறுமைதான் முஸோர்க்ஸ்கி. பீத்தோவனிலும் இதே குறை. ஒவ்வொரு திருப்பமும் மின்னும், முழுக் கட்டுமானம் பிடிபடாது.

ஆனால் அவர் விரல்களைப் பாருங்கள். மணிக்கட்டு தாழ்ந்திருக்கும். வளைந்திருக்க வேண்டிய விரல்கள் கட்டைகள்மேல் நீட்டித் தட்டையாகக் கிடக்கும். சுண்டுவிரல் மட்டும் உள்ளே சுருண்டு காத்திருந்து, தன் முறை வந்ததும் சட்டென்று பாயும். எந்தப் பியானோ வாத்தியாரும் அதட்டித் திருத்தக்கூடிய கை இது. அந்தக் கையில் ஒவ்வொரு விரலும் தனித்தனி எடையோடு பேசியது. 1986 ஏப்ரல் 20 அன்று, சோவியத் நாட்டை விட்டுப் போய் 61 ஆண்டுகள் கழித்து, மாஸ்கோவில் ஷூமனின் ‘ட்ராய்மெராய்’ வாசித்தார். கற்றுக்குட்டிகளும் வாசிக்கிற சின்ன உருப்படி. அதில் மேல்வரி ஏற ஏற, அடியிலிருக்கும் குரல்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தனித்தனியாகக் கேட்கின்றன. சத்தத்தைக் குறைத்தும் ஒரு குரலைக்கூட இழக்காதது இடிபோல் முழங்குவதைவிடக் கடினமான வித்தை.

பிசகுகள்? உண்டு. 12 ஆண்டு ஒதுங்கியிருந்துவிட்டு 1965 மே மாதம் மேடைக்குத் திரும்பியவர் முதல் உருப்படியிலேயே தடுமாறினார். இசைத்தட்டில் அவற்றைச் சரிசெய்துதான் வெளியிட்டார்கள். திருத்தாத பதிவு 2003இல் வந்தது. உயிர்த் துடிப்பு அதில்தான் அதிகம். 1983 ஜப்பான் கச்சேரிகளை அப்படி மன்னிக்க முடியாது. மருந்தின் பிடியில் இருந்தவரை மேடையேற்றியிருக்கவே கூடாது.

ஆக, பீத்தோவனின் கடைசி சோனாட்டாக்களுக்கு நான் பியானோ கலைஞர் ஷ்னாபெலிடம்தான் போவேன். ஸ்கார்லாட்டி, ஸ்க்ரியாபின், ஷூமனின் சிறு உருப்படிகள் என்று வந்தால் ஹோரோவிட்ஸுக்கு ஈடாக ஒருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் சாய்காவ்ஸ்கியை ஒதுக்கிவிட்டு, 1964இல் அவர் பதிவுசெய்த ஸ்கார்லாட்டியிலிருந்து தொடங்கட்டும்.